போர்ட்டர் வழக்கும் யாரும் வாங்கிப் பார்க்காத ராணுவப் பதிவேடும்

கொரியப் போரிலிருந்து திரும்பி வந்த ஜார்ஜ் போர்ட்டருக்கு இரவுகளில் கொடுங்கனவு வரும். கையில் கத்தியோடு படுக்கையறைச் சுவரில் ஏற முயல்வார். கடைசியில் வீட்டில் இருந்த கத்திகளை எல்லாம் குடும்பத்தார் அப்புறப்படுத்திவிட்டார்கள். குடி மெல்லச் சேர்ந்தது. குடித்துவிட்டுச் சண்டை போடுவார், மறுநாள் அது நினைவிலேயே இருக்காது.

இந்த விவரங்கள் நீதிமன்றத்தில் பதிவானது, 1995-இல் அவர் தாக்கல் செய்த மனுவின் விசாரணையில்தான். அவருக்கு மரண தண்டனை விதித்தது 1988-இல். இடைப்பட்ட அந்த ஏழு ஆண்டுகளைப் பற்றியதுதான் இந்த வழக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009 நவம்பர் 30 அன்று தீர்ப்பளித்த இதற்கு ‘போர்ட்டர் எதிர் மெக்காலம்’ என்று பெயர். மெக்காலம் என்பவர் அப்போது ஃப்ளோரிடா மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. வழக்குக்கும் அவருக்கும் அதற்கு மேல் சம்பந்தம் இல்லை.

போர்ட்டர் நிரபராதி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். முன்னாள் படைவீரர்களின் வழக்குகளைப் பேசும்போது கொல்லப்பட்டவர்கள் மெதுவாகப் பின்னுக்குப் போய்விடுவார்கள். அதனால் அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

சம்பவம்

இடம் ஃப்ளோரிடாவின் மெல்போர்ன் நகரம். போர்ட்டரும் ஒரு பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தார்கள். அடியும் மிரட்டலுமான உறவு. 1986 ஜூலையில் அவளைக் கொன்றுவிடுவதாக மிரட்டிவிட்டு அவர் ஊரை விட்டுப் போனார். அக்டோபரில் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வேறொரு துணைவர் இருந்தார். ஒரு நண்பரின் துப்பாக்கி காணாமல் போனது. முந்தைய இரவு நிறையக் குடித்துவிட்டு, விடியற்காலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவரைச் சுட்டுக் கொன்றார். தடுக்க வந்த துணைவரோடு மல்லுக்கட்டி அவரையும் சுட்டார். இரண்டு பேரும் இறந்துபோனார்கள்.

ஆத்திரத்தில் ஒரு கணத்தில் நடந்ததாக இதைச் சொல்ல முடியாது. மிரட்டல் முன்பே இருந்தது, துப்பாக்கி முன்பே கைக்கு வந்திருந்தது. திட்டமிட்ட கொலை என்று அரசுத் தரப்பு வாதிட்டதில் தப்பே இல்லை.

1988: ஒரே ஒரு சின்னச் சந்திப்பு

போர்ட்டர் முதலில் தனக்குத் தானே வாதாடினார். நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை உதவிக்கு மட்டும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தது. அரசுத் தரப்புச் சாட்சிகள் முடியும் தறுவாயில் போர்ட்டர் மனம் மாறிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனையை முடிவு செய்யும் கட்டத்துக்கு அந்த உதவி வழக்கறிஞரே முழு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். மரண தண்டனைக் கட்டத்தில் வாதாடுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அமெரிக்காவில் மரண தண்டனை வழக்கு இரண்டு பாதியாக நடக்கும். குற்றவாளியா இல்லையா என்பது முதல் பாதி. சாகவேண்டுமா, ஆயுள் சிறையா என்பது இரண்டாம் பாதி. அந்த இரண்டாம் பாதியில் குற்றவாளியின் முழு வாழ்க்கையையும் ஜூரி முன்னால் வைக்கலாம். பிள்ளைப் பருவம், நோய், வேலை, குடும்பம், ராணுவ சேவை, எது வேண்டுமானாலும். அதைத் தேடி எடுத்து வைப்பது வழக்கறிஞரின் வேலை.

இந்த வழக்கறிஞர் போர்ட்டரை அதற்காகச் சந்தித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் சுருக்கமாக. பள்ளிப் பதிவுகளை வாங்கவில்லை. மருத்துவப் பதிவுகளை வாங்கவில்லை. ராணுவப் பதிவேட்டைக் கேட்கவில்லை. குடும்பத்தார் ஒருவரிடமும் பேசவில்லை. ஜூரி கேட்டது என்ன? போர்ட்டருக்குத் தன் மகனோடு நல்ல உறவு இருந்தது என்று முன்னாள் மனைவி சொன்ன சாட்சியம், குடித்தால் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பது பற்றி ஒன்றுக்கொன்று முரணான சில வரிகள், அவ்வளவுதான். அவருக்கு மனநலம் சரியில்லை என்று வழக்கறிஞர் வாய்வார்த்தையாகச் சொன்னார். அதற்கு ஒரு துண்டு ஆதாரம்கூட வைக்கவில்லை.

இரண்டு கொலைக்கும் மரண தண்டனை தரலாம் என்று ஜூரி பரிந்துரைத்தது. அந்தப் பெண்ணின் கொலைக்கு மட்டும் நீதிபதி அதை ஏற்றார். குற்றத்தைக் கடுமையாக்கும் காரணங்களாக நான்கை அவர் பட்டியலிட்டார். தணிக்கும் காரணம் ஒன்றுகூட இல்லை என்று எழுதினார். அவர் முன்னால் எதுவும் வைக்கப்படாதபோது வேறு எப்படி எழுதுவார்? 1990-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நான்கில் ஒன்றைத் தள்ளிவிட்டு, தண்டனையை மட்டும் உறுதி செய்தது.

பதிவேட்டில் என்ன இருந்தது

1995 மனுவின் மேல் இரண்டு நாள் விசாரணை நடந்தது. முதலில் வந்தது பிள்ளைப் பருவம். அப்பா அம்மாவை அடிப்பார். ஒருமுறை அடி தாங்காமல் அம்மா மருத்துவமனைக்குப் போனார், வயிற்றில் இருந்த குழந்தை போனது. குறுக்கே போய் நிற்கும் போர்ட்டர்தான் அப்பாவின் அடுத்த இலக்கு. வீட்டுக்குத் தாமதமாக வந்தான் என்று மகனை நோக்கி ஒருமுறை சுட்டிருக்கிறார் அந்த அப்பா. குறி தப்பியதால் அடித்ததோடு விட்டார். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான வகுப்பில் இருந்த பையன் 12, 13 வயதில் பள்ளியை விட்டான். வீட்டிலிருந்து தப்பிக்க 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தான்.

தப்பித்துப் போய்ச் சேர்ந்த இடம் கொரியா.

அங்கே அவருடைய கம்பெனிக்கு, அதாவது படைப்பிரிவுக்கு, கமாண்டராக இருந்தவர் ஷெர்மன் பிராட். பின்னாளில் லெப்டினன்ட் கர்னல் பதவியில் ஓய்வு பெற்றவர். அவர் நீதிமன்றத்துக்கு வந்து இரண்டு சண்டைகளை விவரித்தார். முதலாவது குனுரி. 1950 நவம்பர் கடைசியில் சீனப் படைகள் பெருந்தொகையாக இறங்கியபோது அமெரிக்காவின் எட்டாம் ராணுவம் பின்வாங்க வேண்டியிருந்தது. அது தப்பிப் போகும்வரை எதிரியைப் பிடித்து நிறுத்தும் வேலை போர்ட்டர் இருந்த இரண்டாம் டிவிஷனுக்கு. கடுங்குளிர். ஐந்து நாள் சோறும் தூக்கமும் ஏறக்குறைய இல்லை. போர்ட்டருக்குக் காலில் குண்டு பாய்ந்தது. அதோடேயே சண்டை போட்டார்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1951 பிப்ரவரி நடுவில் சிப்யோங்-நி. போர்ட்டர் இருந்த 23-ஆம் ரெஜிமென்டை நாலா பக்கமும் சீனர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு இடைவிடாத தாக்குதல். வளையத்தை உடைத்துக்கொண்டு வந்த எதிரிகள் உயரமான மேடு ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். அதைத் திரும்பப் பிடிக்கும் வேலை போர்ட்டரின் கம்பெனியிடம் வந்தது. மேலேயிருந்து சுட்டுக்கொண்டே இருக்கும் எதிரியை நோக்கி, மறைவு ஏதும் இல்லாத சரிவில் மேலே ஓட வேண்டும். ஓடினார்கள். அந்தக் கம்பெனியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அந்தச் சண்டையில் வேறு எந்தப் பிரிவுக்கும் அவ்வளவு இழப்பு இல்லை. போர்ட்டருக்கு இரண்டாவது காயம்.

போரில் காயப்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் இரண்டு, நேரடிச் சண்டையில் நின்ற காலாட்படை வீரருக்கான பேட்ஜ், ரெஜிமென்டுக்கு ஜனாதிபதியின் பாராட்டு. இவை அவர் கணக்கில் சேர்ந்தவை. கூடவே இன்னொன்றும் சேர்ந்தது. அனுமதி இல்லாமல் முகாமை விட்டு மூன்று முறை போயிருந்தார், கொரியாவில் இரண்டு முறை, ஊர் திரும்பிய பின் ஒருமுறை. கடைசியானதற்கு ஆறு மாதச் சிறை. ஆனாலும் ராணுவம் அவரைக் கௌரவமாகத்தான் விடுவித்தது.

நரம்பியல் உளவியல் நிபுணர் ஒருவரும் சாட்சி சொன்னார். போர்ட்டரின் மூளையில் பாதிப்பு இருக்கிறது, யோசிக்காமல் வன்முறையில் இறங்கும் போக்கு அதிலிருந்து வரக்கூடும், சம்பவ நேரத்தில் தன் நடத்தையைச் சட்டத்துக்குள் நிறுத்தும் திறன் பெரிதும் குறைந்திருந்தது என்றார். ஃப்ளோரிடா சட்டமே தணிக்கும் காரணமாகப் பெயர் சொல்லி வைத்திருக்கும் விஷயம் இது.

இங்கே ஒரு இடைச்செருகல். ராணுவப் பதிவுகளைக் காக்கும் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் பெரிய தீ பிடித்தது. 1960-க்கு முன் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போயின. ஆகவே ‘கேட்டேன், கிடைக்கவில்லை’ என்று சொல்ல அந்தத் தலைமுறை வீரர்களின் வழக்கறிஞர்களுக்கு ஒரு நல்ல சாக்கு உண்டு. இந்த வழக்கறிஞர் அந்தச் சாக்கைச் சொல்லும் கட்டம்வரைகூடப் போகவில்லை. போர்ட்டர் விதியே என்று இருந்தார், ஒத்துழைக்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். முன்னாள் மனைவியிடமும் மகனிடமும் பேச வேண்டாம் என்று போர்ட்டர் சொன்னது உண்மை. மற்றவர்களிடம் பேசக்கூடாது என்று அவர் சொல்லவே இல்லை.

நீதிமன்றங்கள் எடைபோட்ட விதம்

வழக்கறிஞர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்ய, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1984-ஆம் ஆண்டு ஸ்ட்ரிக்லாண்ட் தீர்ப்பு இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. வேலை தரம் தாழ்ந்து இருந்ததா என்பது ஒன்று. சரியாகச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்பது இன்னொன்று. பெரும்பாலான மனுக்கள் இரண்டாவதில்தான் விழும்.

போர்ட்டரின் மனுவும் அங்கேதான் விழுந்தது. போர்க்கள விவரங்களை ஜூரி கேட்டிருந்தாலும் பயன் இல்லை, அவர் முகாமை விட்டு ஓடியதும் கூடவே தெரிந்திருக்கும், ஆகவே அந்தச் சேவைக்குப் பெரிய மதிப்பு இருந்திருக்காது என்று மாநில நீதிமன்றம் சொன்னது. மாநில உச்ச நீதிமன்றம் 2001-இல் இதை ஆமோதித்தது. இரண்டு நீதிபதிகள் மட்டும் உடன்படவில்லை.

வழக்கு அடுத்துப் போன ஃபெடரல், அதாவது மத்திய அரசின், மாவட்ட நீதிமன்றம் போர்ட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் 2008-இல் மாற்றியது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மாநில நீதிமன்றத்தின் முடிவு தவறாக இருந்தால் மட்டும் போதாது, எந்த நியாயத்திலும் சேராத அளவு தவறாக இருந்தால்தான் ஃபெடரல் நீதிமன்றம் அதில் தலையிடலாம். தாண்டக் கடினமான சுவர் அது.

உச்ச நீதிமன்றம் அதைத் தாண்டியது. வாய்வழி வாதம்கூடக் கேட்கவில்லை. நீதிபதி பெயர் போடாமல் நீதிமன்றத்தின் பெயரிலேயே வெளியிட்ட தீர்ப்பு, மாற்றுக் கருத்து எழுதியவர் ஒருவரும் இல்லை. போர்ட்டர் இரண்டு பெரும் சண்டைகளில் காயமும் பதக்கமும் பெற்றவர், அந்தப் போர் அவரை நொறுக்கி வேறு மனிதராக்கியது என்றுதான் அதன் முதல் வரிகளே தொடங்குகின்றன. அவரை ஒரு மனிதராகப் பார்க்க உதவும் எதையும் அன்றைய ஜூரி ஏறக்குறைய கேட்கவே இல்லை என்றது நீதிமன்றம். படைவீரர்களின் சேவையை, அதிலும் முன்னணியில் நின்றவர்களின் சேவையை மதித்து இரக்கம் காட்டுவது இந்த நாட்டின் நீண்ட மரபு என்றும் எழுதியது.

பலரும் மேற்கோள் காட்டுவது அந்த மரபு வரியைத்தான். எனக்கு அதற்கு அடுத்து வருவது முக்கியமாகப் படுகிறது. போர்ட்டரின் போர் அனுபவம் முக்கியமானது அவர் கௌரவமாகச் சேவை செய்தார் என்பதால் மட்டும் அல்ல, அந்தப் போர் அவர் மனதை என்ன பாடு படுத்தியது என்பதையும் ஜூரி கணக்கில் எடுத்திருக்கலாம் என்கிறது தீர்ப்பு. முதலாவது நன்றிக்கடன், இரண்டாவது காரண காரியம். நன்றிக்கடன் என்று மட்டும் பார்த்தால், அனுமதி இல்லாமல் முகாமை விட்டுப் போனது அந்தக் கடனைக் கழித்துவிடும். மாநில நீதிமன்றம் போட்ட கணக்கு அதுதான். காரண காரியமாகப் பார்த்தால் அந்த ஓட்டமே நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். ஒரே தகவல், நிற்கும் இடத்தைப் பொறுத்துக் குற்றச்சாட்டாகவும் ஆகிறது, சாட்சியாகவும் ஆகிறது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் (PTSD) அமெரிக்க உளவியல் மருத்துவர்களின் கையேட்டில் இப்போதைய பெயரோடு இடம்பெற்றது 1980-இல்தான். போர்ட்டர் கொரியாவிலிருந்து திரும்பிய காலத்தில் அவர் வீட்டார் அதற்கு வைத்திருக்கக்கூடிய ஒரே வைத்தியம் கத்திகளை எடுத்து மறைப்பது.

தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, 2010 நவம்பரில், ஃபெடரல் தண்டனை வழிகாட்டி நெறிகளும் மாறின. ராணுவ சேவை பொதுவாகத் தண்டனைக் குறைப்புக்குப் பொருத்தமில்லை என்று இருந்த வரி போய், சில சூழல்களில் பொருத்தமாகலாம் என்று ஆனது.

தீர்ப்பு எட்டாத இடங்கள்

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ பிரானன் வழக்கைப் பார்க்க வேண்டும். வியட்நாமில் அதிகாரியாக இருந்தவர். 1998 ஜனவரியில் வேகமாக ஓட்டியதற்காகத் தன் வண்டியை நிறுத்திய இளம் காவல் அதிகாரியை அவர் சுட்டுக் கொன்றார். காவல் வண்டியின் கேமராவில் எல்லாம் பதிவானது. தான் ஒரு வியட்நாம் போர் வீரன் என்று அவர் கத்துவதும் அதில் கேட்கிறது. முன்னாள் படைவீரர் நலத்துறை அதற்கு முன்பே அவரைப் பரிசோதித்து, போர் அதிர்ச்சியால் 100 சதவீத இயலாமை என்று மதிப்பிட்டிருந்தது. அதாவது போர்ட்டருக்கு இல்லாத பதிவேடு இவருக்குக் கையில் இருந்தது. 2015 ஜனவரி 13 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவில் நிறைவேறிய முதல் மரண தண்டனை அதுதான். போர்ட்டர் தீர்ப்பு, ஜூரிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொன்ன பிறகு ஜூரி என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

மரண தண்டனை வழக்குகள் ஓரத்தில் இருப்பவை. நடுவில் இருப்பது பெரிய கூட்டம். நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2011–12-க்குக் கணக்கெடுத்தபோது அமெரிக்கச் சிறைகளில் சுமார் 1,81,500 முன்னாள் படைவீரர்கள் இருந்தார்கள், மொத்தக் கைதிகளில் 8 சதவீதம். 1978-இல் அது 24 சதவீதம். அவர்களில் 77 சதவீதம் பேர் கௌரவமாகவோ அதற்கு அடுத்த நிலையிலோ விடுவிக்கப்பட்டவர்கள். ராணுவம் கழித்துவிட்டவர்கள்தான் சிறையில் இருக்கிறார்கள் என்ற பேச்சு இதில் நிற்காது. தண்டனை பெற்ற முன்னாள் வீரர்களில் 64 சதவீதம் பேர் வன்முறைக் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவர்கள். மற்றக் கைதிகளில் அது 48 சதவீதம்.

அந்த 64-ஐ மனதில் வைத்துக்கொண்டு பஃபலோ நகரத்துக்குப் போகலாம். அங்கே ராபர்ட் ரஸல் என்ற நீதிபதி மனநல நீதிமன்றம் ஒன்றை நடத்திவந்தார். சிகிச்சையில் முன்னேற்றமே இல்லாத ஒருவர், வியட்நாம் வீரர், தலை குனிந்து வந்து நிற்பார், முணுமுணுப்பார். நீதிமன்ற வேலையில் இருந்த இரண்டு முன்னாள் வீரர்களை, வராந்தாவில் அவரோடு கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்று ரஸல் அனுப்பினார். திரும்பி வந்த மனிதர் அணிவகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, நீதிபதியின் கண்ணைப் பார்த்து, இனி இன்னும் முயல்கிறேன் என்றார். 2008 ஜனவரியில் முன்னாள் வீரர்களுக்கென்றே ஒரு சிகிச்சை நீதிமன்றம் அங்கே தொடங்கியது. அந்த மாதிரியைப் பின்பற்றி இன்று நாடெங்கும் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. சிறைக்குப் பதில் சிகிச்சை, அடிக்கடி நீதிபதி முன் வருகை, துணைக்கு இன்னொரு முன்னாள் வீரர். நல்ல ஏற்பாடு.

ஆனால் கதவு எல்லாருக்கும் திறப்பதில்லை. கடுமையான வன்முறைக் குற்றம் என்றால் பல நீதிமன்றங்கள் எடுப்பதில்லை. சிகிச்சைச் செலவை முன்னாள் படைவீரர் நலத்துறை ஏற்பதால், அதன் சலுகைக்குத் தகுதி இல்லாத விடுவிப்பு பெற்றவர்களும் பெரும்பாலும் வெளியேதான். போர் யாரை வன்முறையாளராக்கியதோ அவருக்கு இடம் இல்லை, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கு இடம் உண்டு. அரசியல் ரீதியாக இது புரிகிறது. அதிலும் மனைவியை அடித்தவருக்குச் சிறப்பு நீதிமன்றம் எதற்கு என்று கேட்கும் பெண்களின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. போர்ட்டரின் முன்னாள் துணையும் அப்படி மிரட்டப்பட்டவர்தான். எனக்கு இதில் இன்னும் தெளிவான விடை இல்லை.

சிறைக்குப் போனவரின் குடும்பத்தையும் இது தொடும். பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரின் இயலாமை உதவித்தொகை, மதிப்பீடு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 61-ஆம் நாள் முதல் 10 சதவீத நிலைக்கு இறங்கும். மனைவி மக்கள் தனியாக விண்ணப்பித்தால் மீதியில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகலாம். விண்ணப்பிக்க முடியும் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

சிறை வாசலில் ஒரு வரி

இந்த ஏற்பாடுகள் எல்லாமே ஆள் முன்னாள் வீரர் என்று தெரிந்தால்தான் நகரும். கைதானவரைப் பதிவு செய்யும்போது ‘நீங்கள் முன்னாள் படைவீரரா?’ என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். சண்டைக்குப் போகாதவர்கள் அந்தப் பெயர் தங்களுக்கு இல்லை என்று நினைப்பார்கள். சிலருக்கு வெட்கம். சலுகை போய்விடும் என்ற பயம் சிலருக்கு. அதனால்தான் ‘எப்போதாவது ராணுவத்தில் பணி செய்திருக்கிறீர்களா?’ என்று மாற்றிக் கேட்கச் சொல்கிறார்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள். கைதிகளின் பட்டியலை நலத்துறையின் கணினியில் ஏற்றி, பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் இப்போது சிறைகளுக்கு உண்டு. ஆள் வாயைத் திறக்காவிட்டாலும் பதிவேடு சொல்லிவிடும்.

1988-இல் அந்த வசதி இல்லை. போர்ட்டரிடம் கேட்டிருந்தாலும் அவர் எவ்வளவு சொல்லியிருப்பார் என்பது சந்தேகம்தான். பிராட்டைக் கேட்டிருக்கலாம். கேட்டபோது அவர் வந்தார், சாட்சிக் கூண்டில் ஏறினார், அந்த மேட்டைப் பிடிக்கத் தன் கம்பெனி எப்படி மேலே ஓடியது என்று சொன்னார்.